காலி பாட்டிலில் ஊறுகாய் போடுமுன்

பொன்னேரிப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருந்தார். "வீட்டில் காலி பாட்டில்கள் நிறையச் சேர்ந்துவிட்டன. பழைய பேப்பர்காரருக்குப் போட மனசு வரவில்லை. ஊறுகாய், எண்ணெய் வைத்துக் கொள்ளலாமா? எப்படிச் சுத்தம் செய்வது? பீர் பாட்டில்கூட நாலைந்து இருக்கின்றன. அதில் நல்லெண்ணெய் ஊற்றி வைத்தால் தப்பா?" என்று கேட்டிருந்தார். கடைசிக் கேள்வியை மட்டும் பொடி எழுத்தில், ஓரமாக எழுதியிருந்தார். கூச்சமே வேண்டாம் சகோதரி. நம் வீடுகளில் மலைத்தேன் வருவதும் பீர் பாட்டிலில்தான், செக்கு எண்ணெய் வருவதும் அதில்தான். கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டிருக்கிறீர்கள்.

பதில் எழுத உட்கார்ந்தபோது பழவேற்காட்டில் பார்த்த ஒரு வாசல்தான் என் ஞாபகத்துக்கு வந்தது. சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர். ஒரு பக்கம் ஏரி, மறு பக்கம் கடல். டச்சுக்காரர்கள் 1613-ல் கோட்டை கட்டிய ஊர் என்று சுற்றிப் பார்க்கப் போவோர் உண்டு. நான் போனது இறால் வாங்க. அங்கே ஒரு குப்பத்தில், ஓலைக் கொட்டகை வாசலில், மணலில் கழுத்து வரை புதைத்த மாதிரி வரிசையாகக் காலி பாட்டில்கள். ஹார்லிக்ஸ் பாட்டில், ஜாம் பாட்டில், சாஸ் பாட்டில், இருமல் மருந்து பாட்டில், பழுப்பு நிறத்தில் பீர் பாட்டில்கள். பக்கத்தில் ஓர் அம்மாள் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

வீட்டுக்காரர் படகில் கொண்டு வரும் இறாலில் சிறிசுகளை வியாபாரி விலை குறைத்துத்தான் எடுப்பார். அதை உரித்து ஊறுகாய் போட்டால் நாலு காசு பார்க்கலாமென்று, மகளிர் குழுவில் கடன் வாங்கி நாற்பது பாட்டில் போட்டிருக்கிறார். இருபது நாளில் பதினொரு பாட்டில் கெட்டுவிட்டது.

"இன்னாம்மா சொல்றது? ஒரே சட்டில கிண்டுனது. ஒரே நாள்ல ரொப்புனது. இருபத்தொம்போது பாட்டிலு நல்லாக் கீது. பதினொண்ணு மட்டும் நொரை கட்டிக்கினு பொங்குது. வாங்கினுப் போனவங்க திருப்பிக் கொண்டாந்து வச்சிட்டாங்க. மீதியையும் வாங்க மாட்டேன்றாங்க. இப்ப கடனுக்கு நான் இன்னா பண்ணுவேன்?"

அவர் சொன்னதிலேயே விடை இருக்கிறது, கவனித்தீர்களா? சட்டி ஒன்று, இறால் ஒன்று, கை ஒன்று. மாறியது பாட்டில் மட்டும்தான். கெட்ட பதினொரு பாட்டிலையும் எடுத்து வைத்து இருவரும் பார்த்தோம். ஒன்பதுக்கு மூடி பழையது. மூடிக்குள் அட்டையில் ஒரு வட்டம் ஒட்டியிருக்குமே, அது ஊறிப் போய்க் கறுத்திருந்தது. மற்ற இரண்டிலும் கழுத்தின் உள் வளைவில் பழைய ஜாம் காய்ந்து ஒரு கோடு போல நின்றது. விரலை விட்டால்தான் தெரியும், கண்ணுக்குத் தெரியாது.

"எப்படிங்க கழுவினீங்க?" என்று கேட்டேன். மணலும் சோப்புத் தூளும் போட்டுக் குலுக்கி, குழாய்த் தண்ணீரில் அலசி, கொஞ்சம் வெந்நீர் காட்டி, முந்தானையால் துடைத்தாராம். நம்மில் முக்கால்வாசிப் பேர் செய்வதும் இதுதான். பாட்டில் பளபளவென்றுதான் இருந்தது.

அழுக்கைப் போக்குவது ஒரு வேலை. கிருமியைக் கொல்வது இன்னொரு வேலை. இரண்டையும் ஒன்றென்று நினைப்பதில்தான் நாம் ஏமாந்து போகிறோம். சோப்பு அழுக்கைக் கரைத்துக் கொண்டு போகும், கிருமிகளிலும் பலவற்றை அடித்துப் போகும். ஆனால் எல்லாவற்றையும் கொல்லாது. வெந்நீர் கொல்லும், ஆனால் காய்ந்த ஜாமுக்கு அடியில் ஒளிந்திருப்பதை அந்த நேரத்துக்குள் எட்டாது. முதலில் அழுக்கு, பிறகு கிருமி. வரிசை மாறக்கூடாது, ஒன்றை விட்டு மற்றதைச் செய்தும் பயனில்லை.

இதை உலகத்துக்குக் காட்டியவர்களில் ஒருவர் பாரிஸில் மிட்டாய் செய்து விற்றவர். நிக்கோலா அப்பேர் என்று பெயர். உணவைக் கண்ணாடி பாட்டிலில் அடைத்து, தக்கை இறுக்கி, பாட்டிலோடு கொதிநீரில் வேகவைத்தால் மாதக் கணக்கில் கெடுவதில்லை என்று கண்டுபிடித்தார். பிரெஞ்சு அரசாங்கம் 1810-ல் அவருக்கு 12,000 ஃபிராங்க் பரிசு கொடுத்தது. ஏன் கெடுவதில்லை என்பது அவருக்கே தெரியாது. ஐம்பது வருஷம் போல கழித்து லூயி பாஸ்டர்தான் காரணம் சொன்னார். அவர் 1876-ல் பீரைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். பீர் புளித்துக் கெட்டுப்போவது வேண்டாத கிருமிகள் சேர்வதால்தான் என்று அதில் காட்டினார். மேல்நாடுகளில் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவர்களைக் கேட்டால், காய்ச்சும் நேரத்தைவிட பாட்டில் கழுவும் நேரம்தான் அதிகம் என்பார்கள். நம் ஊரில் அது சட்டப்படி குற்றம், நமக்கு வேண்டவும் வேண்டாம். ஆனால் பாட்டில் விஷயத்தில் அவர்களுடைய கவனத்தை நாம் இரவல் வாங்கிக் கொள்ளலாம்.

அவர்களுடைய முதல் பழக்கமே பாதி வேலையைக் குறைத்துவிடும். பாட்டில் காலியானதும், அந்த நிமிஷமே, மூன்று தரம் தண்ணீர் விட்டுக் குலுக்கிக் கொட்டிவிட வேண்டும். அப்புறம் பார்த்துக் கொள்ளலாமென்று மூலையில் வைத்தால் அடியில் காய்ந்து ஒட்டிவிடும். அரை நிமிஷ வேலை அரை நாள் வேலையாகும்.

காய்ந்தே போனது என்றால் ஊற வைப்பதுதான் வழி. ஒரு பக்கெட் வெதுவெதுப்பான நீரில் ஒரு கைப்பிடி சலவைச் சோடா போட்டு, பாட்டில்களைப் படுக்கப் போட்டு, உள்ளே காற்று நிற்காமல் நீர் நிரம்பும்படி முக்கி, ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் மேலே ஒட்டிய காகிதமும் உரிந்து வரும். பசை மட்டும் பிசுபிசுவென்று நின்றால் கொஞ்சம் தேங்காயெண்ணெய் தடவித் தேய்த்துப் பிறகு சோப்புப் போடுங்கள். பழவேற்காடு மாதிரி உப்புத் தண்ணீர் ஊர்களில் சலவைச் சோடாவால் இன்னொரு லாபமும் உண்டு. உப்பும் சுண்ணாம்பும் கலந்த நீரில் சோப்பு நுரைக்காமல் திரிதிரியாகத் திரிந்து பாட்டிலிலேயே ஒட்டும். சோடா போட்டால் அந்தக் கடினம் ஓரளவு குறையும்.

மணல் போட்டுக் குலுக்குவதை நிறுத்துங்கள் என்று அந்த அம்மாளிடம் சொன்னேன். "எங்க பாட்டி காலத்துலேர்ந்து மணல்லதாம்மா தேய்க்கிறோம்" என்றார். பித்தளைக்கும் இரும்புக்கும் சரி. கண்ணாடியில் மணல் கீறல் போடும். கண்ணுக்குத் தெரியாத அந்தக் கீறலில் அழுக்கு தங்கும், சூடு பட்டால் பாட்டில் அங்கேதான் விரியும். அதற்குப் பதில் ஒரு கைப்பிடி அரிசி நொய்யும் கொஞ்சம் சோப்புத் தண்ணீரும் விட்டு, வாயைப் பொத்திக் கொண்டு நன்றாகக் குலுக்குங்கள். பீர் பாட்டில் மாதிரி குறுகின கழுத்துக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. வாய் அகன்றவற்றுக்கு நீளக் காம்பு பிரஷ் போதும். அடி விளிம்பையும் கழுத்தின் உள் வளைவையும் விடாமல் தேயுங்கள்.

சுத்தமாகிவிட்டதா என்று எப்படித் தெரியும்? தண்ணீரை நிரப்பிக் கொட்டிவிட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நீர் ஒரே மெல்லிய படலமாக வழிந்து இறங்கினால் சுத்தம். முத்து முத்தாக நின்றால் எண்ணெய்ப் பிசுக்கு இன்னும் இருக்கிறது. பிறகு மூடிபோட்டு ஒரு ராத்திரி வைத்துக் காலையில் திறந்து மோந்து பாருங்கள். பழைய வாசனை வந்தால் திரும்பவும் சோடா. உங்கள் மூக்கை நம்பலாம்.

அடுத்து கிருமி. கொதிநீரில் வேகவைப்பது எல்லோருக்கும் தெரிந்த வழி. அகலமான பாத்திரத்தின் அடியில் பழைய துணியை மடித்துப் போட்டு, பாட்டில்களை அடுக்கி, பச்சைத் தண்ணீர் விட்டு, பிறகு அடுப்பை ஏற்ற வேண்டும். தளதளவென்று கொதிக்க ஆரம்பித்ததிலிருந்து 10 நிமிஷம். கொதிக்கும் நீரில் குளிர்ந்த பாட்டிலைப் போட்டால் படாரென்று விரியும். அந்த அம்மாள் மாதிரி மேலாக வெந்நீர் காட்டினால் நீர் கண்ணாடியில் பட்டவுடனே சூடு இறங்கிவிடும், பலன் இல்லை.

ஆனால் நாற்பது பாட்டில் முழுகும் அளவு நல்ல தண்ணீருக்குக் குப்பத்துப் பெண்கள் எங்கே போவார்கள்? குடிக்கவே குடம் எண்ணி எடுக்கும் இடம். உப்பு நீரில் வேகவைத்தால் வெள்ளை வெள்ளையாய்ப் படியும். இதற்கு நம் வீட்டு இட்லிக் குண்டானே போதும். அடியில் இரண்டு விரல் உயரம் தண்ணீர். அது உப்பு நீராகவே இருக்கட்டும். மேலே தட்டில் கழுவிய பாட்டில்களைக் கவிழ்த்து வைத்து மூடுங்கள். பாட்டில் உயரமென்றால் மூடிக்குப் பதில் இன்னொரு குண்டானைக் கவிழ்க்கலாம். உப்பு அடியிலேயே தங்கிவிடும்; மேலே வரும் ஆவி மழை நீர் மாதிரி சுத்தமானது. ஆவி நன்றாகக் கிளம்பியதிலிருந்து 15 நிமிஷம் விடுங்கள். இதைச் சொன்னதும் அந்த அம்மாள், "உப்புத் தண்ணிலயேவா?" என்று இரண்டு தடவை கேட்டார். அவ்வளவு நேரத்தில் அவர் முகம் தெளிந்தது அப்போதுதான்.

இடுக்கியால் எடுத்து, மரப்பலகை மேலோ மடித்த துணி மேலோ, வாய் மேலே பார்க்க வையுங்கள். சிமெண்ட் தரையில் வைத்தால் விரியும். உள்ளே இருக்கும் ஈரம் பாட்டிலின் சூட்டிலேயே காய்ந்துவிடும். துணி விட்டுத் துடைக்கவே கூடாது. இவ்வளவும் செய்துவிட்டு முந்தானையால் துடைத்தால் காலையிலிருந்து அதில் துடைத்ததெல்லாம் பாட்டிலுக்குள் போகும். காயும்வரை மேலே ஒரு சுத்தமான துணி போட்டு வையுங்கள். மீன் காயும் இடத்தில் ஈயைக் கேட்க வேண்டாம். ஊறுகாய் சூடாக இருந்தால் பாட்டிலும் சூடாக இருக்கட்டும், ஆறியிருந்தால் பாட்டிலும் ஆறட்டும்.

மூடிக்கு வருகிறேன். அட்டை ஒட்டிய மூடியை யோசிக்காமல் எறியுங்கள். எந்தச் சுத்தமும் அதற்கு ஏறாது. தகர மூடி துருப்பிடித்திருந்தாலும் அப்படியே. நல்ல மூடியைப் பாட்டிலோடு சேர்த்து ஆவியில் வையுங்கள். சூடு தாங்காத பிளாஸ்டிக் மூடி என்றால் ஒரு லிட்டர் தண்ணீரில் கால் டீஸ்பூன் பிளீச்சிங் பவுடர் கலந்து, தெளிந்த மேல் நீரில் 10 நிமிஷம் ஊறவைத்து, கொதித்து ஆறிய நீரில் அலசுங்கள். பிளீச்சிங் பவுடரோடு வினிகரோ, கக்கூஸ் கழுவும் ஆசிட்டோ சேரவே கூடாது. விஷ வாயு கிளம்பும். பாட்டில் கம்பெனிகளில் காஸ்டிக் சோடாவைக் கொதிக்க வைத்துக் கழுவுகிறார்களே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது இயந்திரத்துக்கு. கையில் பட்டால் தோலை அரிக்கும், கண்ணில் பட்டால் பார்வை போகும்.

இவ்வளவு செய்தும் இறாலுக்கு ஒரு சங்கதி பாக்கி இருக்கிறது. மாங்காய் தானே புளிப்பு, தன்னைத் தானே காப்பாற்றிக் கொள்ளும். இறாலும் மீனும் அப்படியல்ல. காற்றில்லாத இடத்தில் வளரும் ஒரு கிருமி உண்டு, கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்று பெயர். அதன் விதை மாதிரியான உறை 100 டிகிரி கொதிநீரிலும் சாகாது. பிரஷர் குக்கரின் 121 டிகிரி வேண்டும். எண்ணெய் மிதக்க மூடிய பாட்டில் அதற்குச் சொகுசான இடம். அது உண்டாக்கும் விஷம் நரம்பைத் தாக்கி மூச்சை நிறுத்தும். நிறம், வாசனை எதுவும் மாறாமலும் இருக்கலாம். அது வளராமல் தடுப்பது புளிப்பு. புளிப்பின் அளவு பி.எச். 4.6-க்குக் கீழே இருக்க வேண்டும். இந்த அம்மாள் வினிகர் விலையைப் பார்த்து அதைக் குறைத்து, எலுமிச்சம்பழம் கொஞ்சம் பிழிந்திருந்தார். பாட்டிலில் இருந்த அழுக்குக் கிருமி பொங்கிக் காட்டிக் கொடுத்ததே நல்லது என்று நினைத்துக் கொண்டேன். அளவில் மட்டும் கை வைக்காதீர்கள். புளிப்பைக் காட்டும் பி.எச். காகிதம் ஆய்வுக்கூடச் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். நுரைத்த, பொங்கிய, மூடி உப்பிய பாட்டிலை ருசி பார்க்காமல் ஆழமாகப் புதைத்துவிடுங்கள். நாய்க்கும் போடாதீர்கள்.

இதே கிருமியின் உறை தேனிலும் இருக்கலாம். பிறந்த குழந்தைக்கு நாக்கில் தேன் தடவுகிற வழக்கம் நம் வீடுகளில் இன்னும் போகவில்லை. ஒரு வயசு முடியும்வரை வேண்டாம். பாட்டில் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் வேண்டாம். பெரியவர்கள் கோபித்துக் கொண்டால் கோபித்துக் கொள்ளட்டும்.

கைக்குழந்தைப் பேச்சு வந்ததால் பால் பாட்டிலையும் சொல்லிவிடுகிறேன். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் போதும், தண்ணீர்கூட வேண்டாம். பீச்சிய பாலைக் கொடுக்க நேர்ந்தால் நம் பாலாடையே பாட்டிலைவிட மேல். கழுத்தில்லை, ரப்பர் இல்லை, மூலை இல்லை. தேய்த்தால் தெரியும், வேகவைத்தால் தீர்ந்தது. பால் பாட்டிலை விளம்பரம் செய்யக் கூடாதென்று நம் நாட்டில் 1992-லேயே சட்டம் வந்துவிட்டது. டாக்டர் சொல்லி பாட்டில்தான் என்றால், ரப்பரை உட்புறம் வெளியே வரத் திருப்பித் தேய்த்து, எல்லாவற்றையும் தனித் தனியாகக் கழற்றி, 10 நிமிஷம் வேகவைத்துக் கொடுங்கள்.

இனி எதைச் செய்தாலும் சுத்தமாகாத பாட்டில்கள். பூச்சி மருந்து, மண்ணெண்ணெய், டீசல், ஃபினாயில், ஆசிட் இருந்த எதையும் சாப்பாட்டுக்குத் தொடக்கூடாது. குப்பத்தில் படகு இன்ஜினுக்கு எண்ணெய் அளந்து ஊற்றிய பாட்டிலும் இதே பாட்டில்தான், பக்கத்திலேயே கிடக்கிறது. வரிசையிலிருந்து நான் இரண்டை மோந்து பார்த்து ஒதுக்கினேன்.

இதற்கு நேர்மாறானது இன்னும் மோசம். குடிக்கிற பாட்டிலில் மண்ணெண்ணெயோ ஃபினாயிலோ ஊற்றி வைப்பது. தவழும் குழந்தைக்குக் கலர் பாட்டில் என்றால் கலர்தான். அப்படிக் குழந்தை மண்ணெண்ணெய் குடித்துவிட்டால் விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உப்புத் தண்ணீர் கொடுக்காதீர்கள். வாந்தியோடு மண்ணெண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால்தான் ஆபத்து. 108-ஐக் கூப்பிட்டு, அந்த பாட்டிலையும் கையோடு எடுத்துக் கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

பொன்னேரிச் சகோதரிக்கு: பீர் பாட்டிலில் தாராளமாக நல்லெண்ணெய் வைக்கலாம். பழுப்புக் கண்ணாடி வெளிச்சத்தை மறைப்பதால் எண்ணெய் சீக்கிரம் காறாது. நன்னாரி சர்பத்துக்கும் நல்லது. ஊறுகாய்க்கு மட்டும் வேண்டாம். கழுத்து குறுகல், அதோடு அதன் மூடியை ஒரு முறை திறந்தால் மறுபடி பொருந்தாது. காகிதத்தைச் சுருட்டி அடைப்பதும் கூடாது. புதுத் தக்கை வாங்கிக் கொள்ளுங்கள். பூஜை விளக்குக்கு அந்த எண்ணெயை மாமியார் ஒத்துக் கொள்வாரா என்பதற்கு நான் பொறுப்பில்லை. என் மாமியார் மூன்று வருஷம் ஒத்துக் கொள்ளவில்லை. மேலே ஒட்டியிருந்த காகிதத்தை உரித்த பிறகு அது என்ன பாட்டில் என்று அவருக்கே மறந்துவிட்டது.

அந்த அம்மாளுக்கு நான் சொன்னது வேறு. வீட்டுக்கென்றால் பழைய பாட்டில், விற்பனைக்கென்றால் புது பாட்டிலும் புது மூடியும். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவும் செய்து கொள்ளுங்கள். அவருக்கு விலைதான் கவலை. போன வாரம் போனில் பேசினார். குழுவில் ஐந்து பேர் சேர்ந்து மொத்தமாக வாங்கினார்களாம். "புது பாட்டிலயும் குண்டான்ல கவுத்து வச்சித்தாம்மா எடுக்குறேன். கடைக்காரு வச்சிருந்த தூசி எனக்கு எதுக்கு?" என்றார். இந்தத் தடவை இருபதுதான் போட்டிருக்கிறார். முப்பது நாளாகிறது. ஒன்றும் பொங்கவில்லை. கடனில் இன்னும் பாதி நிற்கிறது.